கயலுக்கு: பிளெண்டர் வாங்குமுன் ஜாடியைப் பார்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வைட்டமிக்ஸ் இ310, அதே கம்பெனியில் 64 அவுன்ஸ் குட்டை ஜாடி வைத்த ஒன்று, பிளெண்டெக் ஒன்று. "இல்லேன்னா அம்மா வரும்போது அங்கிருந்து மிக்ஸியே கொண்டு வந்துடட்டுமா" என்றும் கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை 3 எச்.பி. என்ற இடத்தில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். அந்த எண்ணை முதலில் ஓரம் கட்டிவிடு கண்ணு.

அமெரிக்காவில் உங்கள் வீட்டுச் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட். ஒரு எச்.பி., அதாவது குதிரைத்திறன், 746 வாட். ஆக அந்தப் பிளக்கில் முழுசாக உறிஞ்சினாலும் இரண்டரை எச்.பி.கூட வராது. பெட்டியில் போட்டிருப்பது 'பீக்' கணக்கு. மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்து இழுப்பு அது, அரைக்கும்போது கிடைப்பதல்ல. உண்மை தெரிய வேண்டுமென்றால் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார். தகட்டில் ஆம்பியர் போட்டிருக்கும். 12 ஆம்பியர் என்றால் 1440 வாட், அவ்வளவுதான். அதுவும் உள்ளே போகும் மின்சாரம். இந்த வகை மோட்டாரில் அதில் ஒரு பங்கு வெறும் சூடாகவே போய்விடும். நல்ல பிளெண்டர்கள் எல்லாமே ஏறத்தாழ இந்த வட்டத்துக்குள்தான் நிற்கின்றன. அதனால் மோட்டாரை வைத்து முடிவு செய்யாதே, ஜாடியை வைத்துச் செய்.

நம்ம ஊர் மிக்ஸி பெரும்பாலும் 550-லிருந்து 750 வாட்தான். ஆனால் கால் மூடித் தேங்காயும் இரண்டு பச்சை மிளகாயும் போட்டால் சட்னி வந்துவிடும். 1400 வாட் பிளெண்டரில் அதே அளவைப் போட்டால் முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடு காற்றில் சுற்றும். காரணம் லேசானது. மிக்ஸியின் பிளேடு கூர்மையானது, அடித்தட்டை உரசுகிற மாதிரி தாழ்ந்து இருக்கும், சின்ன ஜாடி குறுகலாக இருக்கும். பொருள் தப்பிப் போக இடமில்லை. பிளெண்டரின் பிளேடோ ஏறக்குறைய மழுங்கல். வெட்டுவதைவிட அடித்து நொறுக்குவதுதான் அதன் வேலை. பொருள் சுழியாகச் சுற்றி, நடுவில் இறங்கி, பிளேடில் மோதி, ஓரமாக மேலே ஏறி மறுபடி இறங்க வேண்டும். அந்தச் சுழி விழுவதற்குத் தண்ணீரும் வேண்டும், அளவும் வேண்டும். சுழி விழுந்துவிட்டால் மிக்ஸியால் நினைத்துப் பார்க்க முடியாத வழவழப்பு வரும். விழாவிட்டால் எத்தனை எச்.பி. இருந்தும் பயனில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு உன் மூன்றையும் பார்ப்போம்.

64 அவுன்ஸ் குட்டை ஜாடி பார்க்க அழகு, மேல் அலமாரிக்கு அடியில் நிற்கும். ஆனால் அடி அகலம். பிளேடுக்கு மேல் நிற்கக் குறைந்தது ஒன்றரை, இரண்டு கப் பொருள் வேண்டும். ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டுக்குச் சரி. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குழந்தையும். தினமும் அடியில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துக்கொண்டே இருப்பாய். இது வேண்டாம்.

இ310-ன் ஜாடி 48 அவுன்ஸ், அதாவது ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடி குறுகல். ஒரு கப் அளவுக்கே சுழி பிடித்துவிடும். வேகத்தைத் திருகி ஏற்றும் குமிழ் ஒன்று, விட்டு விட்டு ஓட்டும் பல்ஸ் ஒன்று, வேறு ஜோடனை கிடையாது. அதுதான் நல்லது. தொடுதிரை வைத்த மாடல்களில் கெடுவதற்கு அந்தத் திரையும் அதன் பின்னால் இருக்கும் போர்டும் கூடுதலாகச் சேர்கின்றன. பழைய 5200 மாடலின் உயர ஜாடியும் இதே மாதிரி குறுகலானது, நன்றாக அரைக்கும். ஆனால் இருபது அங்குலத்துக்கு மேல் உயரம். உங்கள் ஊரில் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே வழக்கமாக 18 அங்குலம்தான் விடுவார்கள். இ310-ம் அந்த 18-ஐ ஒட்டியே நிற்கும், அதனால் ஆர்டர் போடுமுன் டேப் வைத்து அளந்து பார்.

பிளெண்டெக்கில் பொத்தானை அழுத்திவிட்டு நீ வேறு வேலை பார்க்கலாம், நேரக் கணக்கை அதுவே பார்த்து நிறுத்தும். உயரமும் குறைவு, கழுவுவதும் சுலபம். ஸ்மூத்தி மட்டும் குடிக்கிற வீடு என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் மூடியின் ஓட்டை வழியாக விட்டுப் பொருளைத் தள்ளும் குத்துக்கட்டை அதன் சதுர ஜாடியோடு வராது. கெட்டியான சாமான் போட்டுக் காற்றுக் குமிழ் கட்டிக்கொண்டால் நிறுத்தி, மூடியைத் திறந்து, கிளறி, மறுபடி ஓட்ட வேண்டும். கெட்டிச் சாமானுக்கென்று ட்விஸ்டர் ஜாடி என்று தனியாக விற்கிறார்கள், அதற்குத் தனிக் காசு.

நிஞ்சா என்ற கம்பெனியின் பிளெண்டரைப் பற்றி நீ கேட்கவில்லை, விலையைப் பார்த்தால் அடுத்து அதைத்தான் கேட்பாய். ஐஸ் உடைக்க நன்றாக இருக்கும். அடுக்கடுக்கான கூர் பிளேடு, கழற்றி எடுக்கிற தண்டு. ஊற்றும்போது தண்டு நழுவி விழும் ஆபத்து உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கழுவு தொட்டியில் அது கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வழவழப்பும் மற்ற இரண்டின் அளவுக்கு வராது.

ஆகவே இ310. புதுசாக வேண்டும் என்றுகூட இல்லை. கம்பெனியே பழுது பார்த்து, தன் வாரண்டியோடு திரும்ப விற்கிறது. அந்தச் சரக்கை வாங்கலாம். வேறு ஆள் 'ரீஃபர்பிஷ்ட்' என்று விற்பதை வாங்காதே. புதுசுதான் வேண்டுமென்றால் நவம்பர் கடைசித் தள்ளுபடி வரை பொறு.

ஆனால் அது வந்துவிட்டால் மிக்ஸி வேண்டாம் என்று நினைத்துவிடாதே. கடுகு தாளித்துக் கொட்டுகிற சட்னி, துவையல், சாம்பாருக்கு அரைத்துவிடும் இரண்டு கரண்டித் தேங்காய், இவையெல்லாம் மிக்ஸி வேலை. இங்கிருந்து 230 வோல்ட் மிக்ஸி கொண்டு வருவதும் வேண்டாம். இந்த மோட்டாருக்கு 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் பெரிதில்லை, வோல்ட்டேஜ்தான் பிரச்சினை. 120-ல் நேராகச் சொருகினால் முனகிக்கொண்டு சுற்றும், தேங்காயைக்கூட அரைக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் கிளம்பும் இழுப்பைத் தாங்க மிக்ஸியின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், 1500 வாட் பெட்டி. செங்கல் கனத்தில் அதை எங்கே வைப்பாய்? அங்கேயே 110 வோல்ட் என்று போட்ட மிக்ஸி கிடைக்கிறது (உங்கள் 120-க்கு அதுதான்), பிரீத்தியில் 550 வாட் மாடல் இந்தியக் கடைகளிலும் வரும். அதை வாங்கு. ஒன்றுக்கு இரண்டு மெஷினா என்று மாப்பிள்ளை கேட்டால், ஒரே மெஷினை எல்லா வேலைக்கும் ஓட்டி மோட்டாரைக் கருக்குவதைவிட இது மலிவு என்று சொல்.

இனி பிளெண்டரை ஓட்டும் முறை. பொருள் போடும் வரிசை முக்கியம்: அடியில் தண்ணீர் அல்லது பால், அதன்மேல் மெத்தென்றது, பிறகு கீரை, எல்லாவற்றுக்கும் மேலே உறைந்த மாம்பழமும் ஐஸும். கனமானது மேலே இருந்தால் மற்றதைப் பிளேடை நோக்கி அழுத்தும். 1-ல் ஆரம்பித்து, சுழி விழுந்ததும் விறுவிறுவென்று 10-க்குப் போ.

கெட்டிச் சாமானை "மெதுவாக ஓட்டினால் மோட்டாருக்கு நல்லது" என்று பலரும் நினைக்கிறார்கள். நேர் எதிர். மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறி மோட்டாரின் தண்டிலேயே இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும், சுமையோ அப்படியே இருக்கும். 3-லோ 4-லோ இரண்டு நிமிஷம் முக்கிக்கொண்டு ஓடினால்தான் சூடேறி நின்றுவிடும். வேகத்தை ஏற்று, குத்துக்கட்டையால் மூலைகளில் இருப்பதை நடுவுக்குத் தள்ளு. அப்படியே நின்றுபோனால் பயப்படாதே, உள்ளே இருக்கும் சூட்டுக் காப்பு தானாக அணைத்திருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆறவிடு. முதல் சில தடவை லேசாக வாடை வரும், அது மோட்டாரின் கம்பிச் சுருளில் பூசிய வார்னிஷ் சூடேறுவது. புகை வந்தால் அது வேறு விஷயம்.

திடீரென்று சத்தம் கீச்சென்று உயர்ந்து பொருள் அசையாமல் நிற்கிறதா? பிளேடைச் சுற்றிக் காற்றுக் குமிழ் கட்டிவிட்டது. வேகத்தைக் குறை, குத்துக்கட்டையால் குத்தி உடை, தண்ணீரை ஒரு மேசைக்கரண்டியாக விடு. மொத்தமாக ஊற்றாதே. குத்துக்கட்டையை மூடி போட்டிருக்கும்போது மட்டும், நடு ஓட்டை வழியாக விடு. அதன் கழுத்து வளையம்தான் பிளேடில் படாமல் தடுக்கிறது. பின்னாளில் வேறு ஜாடி வாங்கினால் அதற்குரிய குத்துக்கட்டையும் வேறு. உயர ஜாடியுடையதைக் குட்டை ஜாடியில் விட்டால் பிளேடில் மாட்டும்.

தேங்காய்க்கும் மாவுக்கும் தண்ணீர்ச் சூடு நேர்மாறு. பாக்கெட்டில் வரும் உறைந்த தேங்காய்த் துருவலை அப்படியே போட்டால் சட்னியில் வெள்ளை வெள்ளையாக நெய்க்கட்டி மாதிரி நிற்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதுதான் திரள்கிறது. முழுக்க உருகவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை. தேங்காய்ப்பாலுக்கும் அப்படித்தான்: இரண்டு கப் துருவல், இரண்டு கப் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர், 10-ல் ஒரு நிமிஷம், மெல்லிய துணியில் பிழி. பிளெண்டர் போல இதைச் செய்ய எதுவும் கிடையாது.

இட்லி மாவுக்கு ஐஸ் தண்ணீர். பிளெண்டர் உராய்விலேயே சூடாக்கும், ஐந்தாறு நிமிஷம் ஓட்டினால் சூப்பே ஆவி பறக்கும் என்றால் பார்த்துக்கொள். மாவு சூடேறினால் உளுந்தின் நுரைப்பு போய், இட்லி தட்டையாக வரும். ஒரு கப் உளுந்து நாலு மணி நேரம் ஊறியபின் வடித்து, முக்கால் கப் ஐஸ் தண்ணீரில் பாதியை முதலில் விட்டு, 5 அல்லது 6-ல் அரை நிமிஷம், நிறுத்தி வழித்து, மீதித் தண்ணீரோடு இன்னும் அரை நிமிஷம். அரிசியை இரண்டு ஈடாகப் போடு, மெல்லிய குருணை நிற்கும்போதே நிறுத்து. ஜாடியை வெளியே தொட்டால் வெதுவெதுப்புத் தெரிந்தால் ஆறவிட்டுப் பிறகு தொடர். கிரைண்டரில் உளுந்து காணும் அளவுக்கு இதில் காணாது. ஆகவே நாலுக்கு ஒன்று வேண்டாம், அரிசி மூன்று உளுந்து ஒன்று போடு. உளுந்து வடைக்கு மட்டும் இதை நம்பாதே. தண்ணீர் இல்லாமல் இது அரைக்காது, தண்ணீர் விட்டால் வடை எண்ணெய் குடிக்கும். வாராவாரம் மாவு ஆட்டப்போகிறாய் என்றால் கோயம்புத்தூர்க் கல்லு வைத்த 110 வோல்ட் டேபிள் டாப் கிரைண்டர் தனி விஷயம், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

சாம்பார்ப் பொடி, ரசப்பொடி இதில் திரிக்காதே. ஈர ஜாடியின் பிளேடு கீழே இழுக்கிற மாதிரி வளைந்தது. உலர்ந்த சாமானை அடியில் கொண்டுபோய் அமுக்கிச் சூடாக்கி, மசாலாவின் எண்ணெயைக் கசியவைத்துக் கட்டி கட்டியாக்கும். பிளாஸ்டிக்கும் கீறல் விழுந்து மங்கும். விரலி மஞ்சள் போட்டால் நிறம் ஏறி ஜென்மத்துக்கும் போகாது. பொடிக்கென்று உலர் ஜாடி, 32 அவுன்ஸ், தனியே இருக்கிறது. அதன் பிளேடு மேலே தள்ளும். உனக்கு அது தேவையில்லை, மிக்ஸியின் சின்ன எவர்சில்வர் ஜாடி போதும். வறுத்ததை முழுக்க ஆறவிட்டு, அரை நிமிஷம் ஓட்டி அரை நிமிஷம் நிறுத்தி அரை.

சுடச்சுடப் பருப்போ சூப்போ ஊற்றும்போது ஜாடியில் பாதிக்கு மேல் போகாதே. மூடியைப் பூட்டி, மிகத் தாழ்ந்த வேகத்தில் ஆரம்பி. எடுத்த எடுப்பில் 10-ல் வைத்தால் ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் அடிக்கும். கவிழ்த்துச் சொருகுகிற மூடிய கப் வகைகளில் சூடான எதையும் போடவே கூடாது, ஆவி போக வழி இல்லை.

கழுவ, பாதி வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, வேகமாக ஒரு நிமிஷம், கொட்டிக் கவிழ்த்து வை. தண்ணீரில் ஊறப் போடாதே. பிளேடுக்கு அடியில் இருக்கும் பேரிங்குக்குள் ஈரம் இறங்கினால் கறுப்புக் கசிவு வரும், அதன்பின் கிறீச்சென்ற சத்தம். அப்போது ஜாடியை மாற்றத்தான் வேண்டும். ஜாடியின் அடியும் மோட்டாரும் சேரும் பல்லுச் சக்கரம் தேய்ந்து நழுவினால் கவலைப்படாதே. மோட்டாரைக் காப்பாற்ற அது தானே உடைகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள், மலிவாக மாற்றலாம்.

இரவில் ஓட்டாதே, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வாவது குறையும்.

மிக்ஸி வாங்கியதும் அடித்தகட்டில் இருக்கும் மாடல் எண்ணைப் படம் பிடித்து அனுப்பு. ஜாடியை மோட்டாரோடு சேர்க்கும் அதற்குரிய கப்ளர் இரண்டு, மூடி ரப்பர் இரண்டு, பொருந்தினால் 400 மில்லி ஜாடி ஒன்று, அம்மா பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா