குகனுக்கு: சீட்டை ஒட்டமுதல் இதை வாசி

அன்பின் குகன்,

பதில் போடக் கனநாளாப் போச்சு, ஏசாதை. வீட்டில எல்லாரும் சுகம். பாலன் வழமைபோலதான், அந்தக் கதையை நேரில கதைப்பம்.

இப்ப அந்தரப்பட்டு எழுதுறது, நீ கட்டுற மீன்பிடித் தடியெண்டு அனுப்பின படத்துக்காக. தடி நல்ல சாமான். 8ஆம் நம்பர் கார்பன் ஃபிளை தடி (பூச்சி மாதிரிக் கட்டின தூண்டிலை எறியிற தடி), குறை சொல்ல ஒண்டுமில்லை. ஆனா பக்கத்தில வைச்சிருக்கிறாயே, ரீலைத் தடியில பூட்டுற ஒரு ரீல் சீட், மினுங்குற மரமும் சும்மா வழுக்கி ஏறுற ரெண்டு வளையமும், உது நுவரெலியா ஓடையில டிரவுட் பிடிக்கிற சின்ன 3ஆம் நம்பர் தடிக்குப் போடுற நகை. நீ ஆடியில வந்து பண்ணைப் பாலத்தடியில கொடுவாவுக்கும் பாரைக்கும் எறியப்போறன் எண்டெல்லோ நிக்கிறாய்? பாரை ஒண்டு கொழுவி இழுத்தால் அந்த வளையம் இளகி, ரீல் கழண்டு கடலுக்குள்ள. ஓரா பிடிக்கிறதெண்டால் பரவாயில்லை.

உனக்கு வேண்டியது முழு அலுமினியச் சீட், அரிக்காமல் அனோடைஸ் பண்ணினது, மரை வளையம் ரெண்டு உள்ளது. மரை அடிப்பக்கமும், ரீல் காலை மூடிப் பிடிக்கிற ஹூட் கைபிடிப் பக்கமும் வரவேணும். அப்பதான் ரீல் கொஞ்சம் மேல ஏறி, அடியில 4, 5 சென்ரிமீற்றர் குண்டுக் கட்டை வைக்க இடம் வரும். மீனோட மல்லுக்கட்டேக்க அதைத்தான் வயித்தில ஊண்டுறது. பனை வைரத்தில சீட்டுக்கு உள்குழல் கடையிற உன்ர யோசனையையும் விடு. வடிவுதான், கறுப்பு நார் எழும்பி நிக்கும். ஆனா வெட்டுமுகத்தை வடிவா அடைக்காட்டி நார் வழியா உப்புத்தண்ணி ஏறும். சின்னத் தடிக்குச் செய்வம்.

இனி ஒட்டுற வேலை. எல்லாரும் பிழைவிடுறது இங்கதான். உன்ர தடியின்ர அடி 11 மில்லிமீற்றர் எண்டு எழுதியிருக்கிறாய். சீட்டின்ர உள் துவாரம் 16 எண்டு வை. சுத்திவர 2.5 மில்லிமீற்றர் வெளி. இதை மாஸ்கிங் டேப்பால நிரப்பச் சொல்லுவினம். ஒரு சுத்து 0.14 மில்லிமீற்றர் அளவில வரும், அப்ப 18 சுத்து வேணும். கடதாசியை அவ்வளவு தடிப்பாச் சுத்தினால் பசை வெளிச் சுத்தைத்தான் பிடிக்கும், உள்ளுக்குள்ள கடதாசியை கடதாசி பிடிச்சுக்கொண்டிருக்கும். ஒருநாள் உப்புத்தண்ணி உள்ள போகும், கடதாசி ஊறும், பிறகு சீட் கையோட சுத்தும். பிரிச்சு எடுக்கிறதெண்டால் சீட்டை அரிஞ்சுதான் எடுக்கவேணும். வெளி 1 மில்லிமீற்றருக்குள்ள எண்டால் டேப் காணும். உன்ர கணக்குக்குச் சுவர் வெடிப்புக்கு ஒட்டுற கண்ணாடிநார் வலை டேப்பை எடு. ஒவ்வொரு சுத்துக்கும் பசை பூசிச் சுத்தினால் வலைக்குள்ளால பசை ஊறி எல்லாம் ஒரே கட்டியாகும். எதைச் சுத்தினாலும் முழு நீளத்துக்கும் சுத்தாதை. 12 மில்லிமீற்றர் அகலத்தில 3 பட்டி, இடையில அதேயளவு வெளி. அந்த வெளியில நிக்கிற பசைதான் சீட்டைத் தாங்குறது.

பசை: 5 நிமிசத்தில இறுகிறதைத் தொடாதை. அது தண்ணியையும் அதிர்ச்சியையும் தாங்குறது குறைவு, நேர்பாக்கவும் அவகாசம் தராது. 24 மணித்தியாலத்தில இறுகிற எப்பொக்சியை எடு. ரெண்டு ரியூப்பிலயும் சரி பாதி, ஓரம் வழிச்சு 2 நிமிசம் கலக்கு. இறுகாமல் பிசுபிசுக்குதெண்டால் அளவு பிழை, இல்லாட்டி கலக்கல் போதாது. கூடக் கடினர் (பசையை இறுக்குற மற்ற ரியூப்) விட்டால் கெதியா இறுகும் எண்டு நினையாதை. உன்ர நிலக்கீழ் அறை குளிர் எண்டபடியால் ரியூப்பை முதல் வெந்நியில வைச்சு எடு. இங்க எங்களுக்கு மற்றப் பக்கம்: 33 பாகை வெக்கையில கிண்ணத்துக்குள்ளயே சூடேறிக் கட்டிபட்டுடும், தகரத்தில மெல்லிசாப் பரப்பினால்தான் ஆறுதலா வேலைசெய்யலாம்.

ஒட்டமுதல் தடியின்ர மினுக்கத்தை 220 சாண்ட் பேப்பரால மங்கவை. மினுக்கம் போனால் காணும், நார் தெரிஞ்சால் தடி நாசம். ஸ்பிரிட்டால துடைச்சபிறகு விரல் படக்கூடாது. சீட்டின்ர உள்பக்கமும் அப்படித்தான். ஏத்தினவுடன ரீலைப் பூட்டி, தடி வழியாப் பாத்து, கைட் (நூல் ஓடுற வளையங்கள்) வாற கோட்டோட ரீல் கால் நேரா நிக்குதோ எண்டு பார். அரை மணித்தியாலம் கழிச்சு இன்னொருக்கா பார், வழுக்கியிருக்கும். இன்னொண்டு, கார்பனும் அலுமினியமும் உப்புத்தண்ணியில நேரடியாத் தொட்டால் அலுமினியம் அரிச்சு வெள்ளைத் தூள் பறக்கும். அதால ரெண்டு நுனியிலயும் பசை இடைவெளியில்லாமல் மூடியிருக்கவேணும்.

கைபிடிக்கு அரை அங்குல கோர்க் வில்லை 14, 7 அங்குலம் வரும். மெழுகு பூசின மரைக்கம்பியில கோத்து ஒட்டு. நட்டை இறுக்கி முறுக்கினால் பசை முழுக்க வெளிய வந்திடும். தடிப்பாப் பூசினாலும் வில்லங்கம். கோர்க் தேய, பசைக் கோடு தேயாமல் வரம்பு கட்டி நிக்கும். 80 சாண்ட் பேப்பரில தொடங்கி 400இல முடி. துவாரத்தை எலிவால் அரத்தால தடியின்ர சரிவுக்கு ஏத்தமாதிரி அராவி, இடத்துக்கு 5 மில்லிமீற்றர் முந்தி நிக்கும்படி வை, மிச்சத்தைக் கை தள்ளும். நடுவில அகலிச்சால் வெறும் குழல் சத்தம் கேக்கும். சீட் இறுகினபிறகு கைபிடியை நுனிப் பக்கத்தால இறக்கு. இறங்கேக்க பசை ஹூட்டுக்குள்ள பிதுங்கும். உடன ஸ்பிரிட் பஞ்சால துடைக்காட்டி ரீல் கால் பிறகு உள்ள போகாது.

வந்து மீன்பிடிச்ச ஒவ்வொரு நாளும் மரையை இளக்கி நல்லதண்ணியில கழுவவேணும். உங்கட வீட்டுக் கிணறு உவர், எங்கட வீட்டுக்குத்தான் வரவேண்டி வரும்.

சீட் வாங்க முதல் உன்ர ரீல் காலின்ர நீளத்தையும் தடிப்பையும் அளந்து எழுது. சில ஹூட் தடிப்பான காலை எடுக்காது.

அன்புடன்,
சிவா