எல்லாமே ‘மொறுமொறு’ ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வாரப்பதிப்பின் சமையற் பக்கத்தில் பருப்பு வடையும் ‘மொறுமொறு’, முறுக்கும் ‘மொறுமொறு’, பயத்தம் உருண்டைகூட ‘மொறுமொறு’ என்றுதான் வருகிறது. புதிதாகச் செய்பவருக்குப் பக்குவம் தெரிவது இந்தச் சொற்களால்தான். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்.

மொறுமொறுப்பு மேல்தோலுக்கு உரியது. அப்பத்தின் ஓரம், பருப்பு வடையின் மேற்புறம் அப்படி இருக்கும். உள்ளே மெதுவாக இருந்தால் குற்றமில்லை. ஊறிய பருப்பை நன்றாக வடித்து, தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாக அரைத்தால் அது வரும். மைபோல அரைத்தால் வராது.

முறுக்குக்கு வேண்டியது கரகரப்பு. உள்வரை காய்ந்து, கடித்ததும் நறுக்கென்று முறிய வேண்டும். கோதுமை மாவை அவித்துச் சேர்ப்பதே இதற்காகத்தான். அவிக்கும் சூட்டில் மாவிலுள்ள புரதம் இழுபடும் தன்மையை இழந்துவிடுகிறது. பச்சை மாவில் பிசைந்தால் ரொட்டி மாவாக இழுபட்டு, பொரிந்தபின் கல்லாக இறுகும். அவித்து அரித்த மா 2 சுண்டு, கடலை மா 1 சுண்டு என்றால் மாஜரின் 2 மேசைக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் பிழியும்போதே அறுந்து, எண்ணெய் குடித்து, எடுத்தால் நொறுநொறுவென்று தூளாகிவிடும். அது கரகரப்பு அல்ல. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தாலும் ஏமாற்றும்: மேலே சிவந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். நிறத்தைப் பார்க்காமல், எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுக்கவேண்டும்.

பொலபொலப்பு பிட்டுக்கும் பயத்தம் உருண்டைக்கும் உரியது. பிட்டு மாவில் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறி, கையில் இறுக்கிப் பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும். விரலால் தட்டினால் உதிரவேண்டும். நீர் கூடினால் கட்டிதட்டிக் களியாகும். நுவரெலியாவின் கரட் பாத்திக்கும் இந்தச் சொல் பொருந்தும்; மண் பொலபொலவென்று இல்லாவிட்டால் கிழங்கு நேரே இறங்காமல் கவர்விடும்.

நமத்துப்போவதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. மலையகத்தில் அதுதான் பெரிய பாடு. தொழிற்சாலையில் 3 சதவீதம் அளவு ஈரத்துக்குக் காயவைத்து எடுக்கும் தேயிலைத் தூளே திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தென்மேல் பருவ மழைக்கும் பனிமூட்டத்துக்கும் முறுக்கு எம்மாத்திரம்? சூட்டோடு டின்னில் அடைத்தால் ஆவி வியர்த்து அதுவே நமக்கச் செய்யும். நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாமல் மூடவேண்டும். நமத்ததை மறுபடி எண்ணெயில் போடவேண்டாம். போறணையில் 120 பாகை செல்சியஸில் 10 நிமிடம் வைக்கலாம். போறணை இல்லாதவர்கள் அடிகனத்த சட்டியில் மெல்லிய சூட்டில் புரட்டலாம். சூடாக இருக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். ஆறிய பிறகே கரகரப்புத் திரும்பும்.

இப்படிக்கு,
பலகாரம் செய்து விற்கும் வாசகி,
ஹட்டன்