தரங்கம்பாடியில் கோட்டை மட்டுமா?

ஆசிரியருக்கு,

தரங்கம்பாடிக்கு வருவோரில் பலர் உச்சி வெயிலில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையை மட்டும் பார்த்து, செல்ஃபியோடு பூம்புகாருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தின் பூட்டைத்தான் பார்க்கலாம்.

காலை ஆறரைக்கே நகர வாயிலில் வண்டியை விட்டுவிட்டு ராஜா வீதியில் நடப்பதே சரி. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அங்கேதான். கோட்டைக்கு வடக்கே, அலை தின்றது போக மிஞ்சிய மாசிலாமணிநாதர் கோயிலும் உண்டு.

பழைய சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிமென்ட் பூசிய இடம் உப்பிப் பெயர்ந்திருக்கும். உப்பு ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புச் சாந்துக்கு இந்தக் கோளாறு குறைவு. பழுது பார்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கோட்டை வாசலில் குடிநீரும் வைக்கலாம்.

- வாசகர், பொறையார்