குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

அனைவருக்கும் வணக்கம். தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றித் தலைவர் பேசிவிட்டார், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இந்த வருடம் என்னோடு நீங்கள் அதிகம் சண்டை போட்ட விஷயத்துக்கே நேராக வருகிறேன்: சனிக்கிழமை காலையில் சங்கத் தாழ்வாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடக்கும் தண்ணீர் விளையாட்டு.

"லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் கொட்டி விளையாடத் தண்ணீரா?" என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால் முதலில் நானும் அந்தக் கட்சிதான். மூன்று டப், ஒவ்வொன்றிலும் அரை வாளி, ஆட்டம் முடிந்ததும் அத்தனையும் வேப்பங்கன்றுகளுக்கு என்று கணக்குப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். டப்புக்கு மட்டும் 540 ரூபாய் செலவு. மற்றதெல்லாம் உங்கள் வீட்டுப் பரணிலிருந்து வந்தவை: கொட்டாங்குச்சி, புனல், டீ வடிகட்டி, நசுங்கிய டம்ளர், ஸ்பாஞ்ச்.

ஒரு நாள் மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி கண் திறந்த கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டாள். ஒழுகியது. மறுபடி மொண்டாள், மறுபடி ஒழுகியது. கவிழ்த்துப் பார்த்தாள், ஓட்டை வழியாக என்னையும் ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் ஓட்டையில் விரலை வைத்து அடைத்து மொண்டு, பக்கத்துப் பையனின் டம்ளருக்கு மேலே கொண்டுபோய் விரலை எடுத்தாள். யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஒழுகுது, சொட்டுது, தளும்புது, வழியுது என்று நான்குக்கும் வித்தியாசம் தெரிந்து பேசுகிறார்கள் இப்போது, படம் போட்ட புத்தகத்தில் இதை எப்படிக் காட்டுவது?

"எல்கேஜியில் எழுதச் சொல்கிறார்கள், இங்கே நனைந்துவிட்டு வருகிறான்" என்று ஒரு அம்மா குறைப்பட்டார். அம்மா, ஸ்பாஞ்சைப் பிழிகிற விரலும் சிந்தாமல் ஊற்றுகிற மணிக்கட்டும்தான் பென்சிலையும் பிடிக்கப் போகின்றன. இது ஏதோ புது மோகமும் இல்லை. 1939-லேயே அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது ஒரு பாடமே.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அகலக் கிண்ணத்துத் தண்ணீரை ஒல்லி டம்ளருக்கு மாற்றினால் நான்கு வயதுப் பிள்ளை "இதுலதான் நிறைய" என்று டம்ளரைக் காட்டும். உடனே "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று திருத்தாதீர்கள். ஆறேழு வயது வரை அப்படித்தான் தோன்றும் என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியல் அறிஞர் ழான் பியாஜே சொல்லியிருக்கிறார். அவர்களே மாற்றி மாற்றி ஊற்றிப் பார்க்கட்டும். ஆரஞ்சுப் பழத்தைப் போட்டோம், மிதந்தது. தோலை உரித்துப் போட்டதும் மூழ்கிவிட்டது. "சட்டையக் கழட்டிட்டோம்ல, அதான்" என்றான் ஒருவன். தோலுக்குள் காற்று இருப்பதை நான் விளக்கப் போய், அவன் சொன்னதே மேல் என்று நிறுத்திக்கொண்டேன்.

சரி, எங்கள் தவறுகள். மழை நாளில் தண்ணீருக்குப் பதிலாகக் கொண்டைக்கடலையும் கேழ்வரகும் வைத்தோம், ஒரு குழந்தை கடலையை மூக்கில் திணித்துக்கொண்டது. ஈரம் பட்டால் ஊறிப் பெருக்கும் சாமான் அது, டாக்டரிடம் ஓடித்தான் எடுத்தோம். அந்த வீட்டாரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறேன். கடலை, புளியங்கொட்டை எல்லாம் அன்றோடு நிறுத்தம். தானியத்தைக் காலில் மிதிக்கிறார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்பட்டதால் இப்போது சலித்த மணல், பூனை வராமல் மூடி போட்டு.

இரண்டாவது, நவம்பரில் ஒரு டப் கவிழ்க்கப்படாமல் மழைத் தண்ணீரோடு கிடந்து கொசுப்புழு நெளிந்தது. பார்த்ததும் நான், கவிழ்க்க மறந்ததும் நான். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரிலும் முட்டையிடும் என்று போன வருட அறிக்கையில் எழுதியதும் நான்.

வரும் வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருவது போதாது, கை எட்டும் தூரத்தில், போனை உள்ளே வைத்துவிட்டு. ஒரு சாண் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. மாற்றுத் துணியும் துண்டும் அவரவர் கொண்டு வாருங்கள். புனல் இரண்டு உடைந்துவிட்டது, வீட்டில் சும்மா கிடந்தால் கொடுங்கள், எவர்சில்வர் வேண்டாம், சத்தம் தாங்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்