அந்தப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்
தூத்துக்குடித் தோணிக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

தோணி உரிமையாளர்களான அண்ணாச்சிமார்களுக்கும், தோணியை நடத்தும் தலைவர்களான தண்டல் ஐயாக்களுக்கும், தோணி கட்டும் தச்சர்களான ஓடாவிகளுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசியில் ஒரு மழை நாள். பழைய காகிதக் கடைக்காரர் ஒருவர், கடலோடிகளின் நினைவுகளைத் தொகுக்கும் எங்கள் சிறிய ஆய்வு மையத்துக்கு ஆள் அனுப்பினார். "உங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதோ வந்திருக்கிறது, எடை போடுவதற்குள் வந்துவிடுங்கள்" என்றார். போய்ப் பார்த்தால், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடுகள் மூன்று. நான்காவதும் ஒன்று இருந்ததாம். அது முதல் நாளே கிழிபட்டு, கடலை வண்டிக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. மிஞ்சிய மூன்றையும் காகித விலைக்கே வாங்கி, மழைக்கோட்டில் சுற்றி எடுத்துவந்தோம்.

அன்று இரவு அவற்றைப் பிரித்தேன். ஒரு பாய்த் தோணியின் வரவு செலவு அது. கொழும்புக்கு வெங்காயமும் வற்றலும் கருவாடும் ஏற்றிய கணக்கு, தண்டலுக்குக் கொடுத்த முன்பணம், ஓடாவியின் கூலி, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலைக்குப் பஞ்சும் குங்கிலியமும் வாங்கிய செலவு, புறப்படும் நாளில் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி. ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "சோழகம் ஓயவில்லை. மூன்று நாள் கிடந்தோம்." சோழகம் என்றால் தென்காற்று. சரக்குக் கட்டணம் வர வேண்டிய இடங்களில் எல்லாம் 'கேள்வு' என்று போட்டிருந்தார் அந்தக் கணக்கப்பிள்ளை. அந்தச் சொல்லை அகராதியில் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் தம் அன்றாடப் பிழைப்புக்காக அதைக் கைப்பட எழுதியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்த நான்காவது பேரேடு.

நாங்கள் மூன்று பேர். பழைய துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. அதுதான் ஆய்வு மையம், அதுதான் பதிப்பகம், மழைக்காலத்தில் புத்தகக் கட்டுகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடமும் அதுதான். அறக்கட்டளையாகப் பதிவு செய்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கடலோடிகளின் நினைவுகளைப் பதிவு செய்கிறோம், கப்பல் தொழிலின் சொற்களைத் தொகுக்கிறோம், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நூல் கொண்டுவருகிறோம். ஒரு நூலுக்கு 300 படி அச்சிட்டால், அவை விற்றுத் தீர மூன்று ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த நூலுக்குத் தாள் வாங்க முடியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் காகிதம் எத்தகைய கைகளுக்கு வருகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் 1968-69இல் அகழாய்வு நடந்தபோது கிடைத்த கரித்துண்டைச் சோதித்து, அது கி.மு. 785ஐச் சேர்ந்தது என்று சொன்னார்கள். அதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கொற்கையின் கடல் வாணிபம் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவரிடம், 1975இல் இங்கிருந்து கொழும்புக்குப் போன ஒரு தோணியில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் சமைத்தார், காற்று விழுந்துவிட்டால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கடலோடியைத் தேடி மண்ணைத் தோண்டுகிறோம். அந்த மரபின் கடைசிப் பாய்மரத்தில் ஏறி இறங்கியவர் பக்கத்துத் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். 1980களிலும் அதன் பிறகும் பாய் இறங்கி இயந்திரம் ஏறியது. பாய் வைத்து ஓடியவர்களில் இன்று இருப்பவர்கள் பலரும் முதியவர்கள். நாங்கள் குரலைப் பதிவு செய்த 14 தண்டல்களில் நால்வர் இப்போது இல்லை.

நம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி பிறர் எழுதியது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அக்கறையோடு செய்த வேலை அது, அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நூறு ஆண்டு கழித்தும் நம் படகுகளைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் அவரைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர்க் கடலோடிகள் ஓட்ட, 1938 ஆகஸ்டில் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தப் பயணம் இன்று நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், கப்பலை விலைக்கு வாங்கியவர் அமெரிக்கர். போய்ச் சேர்ந்த நாட்டின் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கின. வாங்கியவர் ஒரு கொழும்பு வியாபாரியாக இருந்திருந்தால்?

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கியது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள், ஒரு பங்கு 25 ரூபாய். வழக்கும் சிறையும் அரசு ஆவணங்களில் இருக்கின்றன. ஆனால் தம் கைப்பணத்தைப் போட்டு அந்தப் பங்கை வாங்கிய சின்ன வியாபாரிகளும் தோணிக்காரர்களும் யார் யார்? அவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் இருக்கலாம். அந்தப் பங்குச் சீட்டு உங்கள் வீட்டு மச்சில், யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கலாம்.

உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும். ஒரு அக்கா வாசலிலேயே என்னை நிறுத்தி, "படத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவே இல்லை தம்பி" என்றார். எங்கிருந்தோ வந்த ஓர் ஆய்வாளர், அந்த அக்காவின் மாமனார் தோணியின் முன்பக்கமான அணியத்தில் நிற்கும் ஒரே புகைப்படத்தை வாங்கிப் போனவர், அதோடு தொடர்பை விட்டுவிட்டார். அந்தப் படம் இருந்த இடம் சுவரில் இன்னும் வெளிறிய சதுரமாகத் தெரிகிறது. வேறு சில வீடுகளில் வேறு அச்சம்: பழைய கடன், பங்காளி வழக்கு, கடத்தல் என்று ஊரில் அன்று அடிபட்ட பேச்சு. கணக்கைக் காட்டினால் செத்துப்போனவரின் பெயருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற கவலை. இந்த அச்சத்தில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

நாங்களும் ஒரு முறை தவறு செய்தோம். எங்கள் இரண்டாவது நூலில் ஒரு படத்தின் கீழ் தண்டலின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டோம். அவருடைய மகள் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கோபப்படவில்லை; அழுதார். கையில் இருந்த படிகளில் எல்லாம் திருத்தச் சீட்டு ஒட்டினோம், வாங்கியவர்களுக்கும் அனுப்பினோம். அன்றிலிருந்து, குடும்பத்தார் ஒருவர் வாசித்துக் கேட்டுச் சரி என்று சொல்லாத எந்தப் பக்கமும் அச்சுக்குப் போவதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். காகிதத்தை எங்களுக்குக் கொடுக்க வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கேமராவையும் அதை மாட்டும் தாங்கியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். 200 பக்கப் பேரேடு என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் படம் எடுத்துவிடுவோம். உங்கள் கண் எதிரிலேயே நடக்கும். ஒரு படி உங்களுக்கு. வெளியே தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் பக்கங்களை நீங்கள் சொல்லும் ஆண்டு வரை மூடி வைப்போம். எழுத்தில் கையெழுத்திட்டுத் தருவோம். விற்க மாட்டோம்.

நாங்கள் வரும் வரைக்கும் சில காரியங்கள். பேரேட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஈரம் உள்ளேயே தங்கி ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். சுவரோடு ஒட்டினால் கரையான் ஏறும். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள், அப்படியே விட்டு வையுங்கள். இராமபாணப் பூச்சி துளைத்திருந்தாலும் பரவாயில்லை, ஓட்டைக்கு நடுவே எழுத்தைப் படித்துவிடலாம்.

'பெரிதாக ஒன்றும் இல்லை, வெறும் கணக்குத்தான்' என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அந்த வெறும் கணக்குதான் வேண்டும். மாலத்தீவிலிருந்து மனைவிக்குப் போட்ட கடிதம், பாய் தைத்தவருக்குக் கொடுத்த கூலிச் சீட்டு, தோணியின் அடிமரமான ஏராவுக்கு மரம் வாங்கிய ரசீது, புதுத் தோணி கடலில் இறங்கிய நாளில் எடுத்த படம். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் அச்சுத் தாள்களைச் சேர்த்து வைத்தார். திருமண அழைப்பையும் நாடக நோட்டீசையும்கூட அவர் ஒதுக்கவில்லை. அவர் சேர்த்ததைக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. கடலுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்துதான் அந்த ஒருவராக வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். நன்றி. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் நன்கொடை வாங்க வேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். அது எங்களிடம் இல்லை. அதற்குப் பதில், ஊரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: தாத்தாவின் பெட்டி எங்கே இருக்கிறது என்று.

தோணிகள் கரையில் கிடக்கும் ஆனி, ஆடியில் தண்டல்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதமும் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் வீடு வீடாக வரப் போகிறோம். பனிமய மாதா திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள், ஆகஸ்ட் 5ஆம் தேதிக்கு முன்போ பின்போ எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் போதும்.

இன்னொன்று, அவசரம். கடற்கரைப் பக்கம் தோணிக் குடும்பம் ஒன்றின் பழைய வீட்டை இந்த மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டாருக்கு என் வேண்டுகோள்: ஆட்கள் கூரைமேல் ஏறுவதற்கு முன்னால் மச்சில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பூட்டின பெட்டி இருந்தால், சாவி இல்லாவிட்டாலும், அதை அப்படியே கீழே இறக்கி வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் வருகிறோம்.