முதல் பேஸ் கிட்டாரை டேப் வைத்து அளந்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பகலில் சட்டையும் சுடிதாரும். கச்சேரி இருக்கிற ராத்திரிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார், அதாவது கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும், பெரும்பாலும் நான்கு கம்பி உள்ள கிட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் பண்டிகை என்று காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு வரைக்கும் வாசித்திருக்கிறேன்.

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று வீட்டிலிருந்து பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்கள். "பையனுக்கு வரலைங்கண்ணா, இதை யாருக்காவது வித்துக் கொடுங்க" என்பதுதான் மூன்று பேரும் சொன்னது. மூன்றையும் மடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து, வில் மாதிரி வளைந்திருந்தது. இன்னொன்றில் கம்பியை முறுக்கிச் சுதி சேர்க்கும் ட்யூனிங் கீ வழுக்கியது. சுதி சேர்த்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் இறங்கிவிட்டது. மூன்றாவது நல்ல கிட்டார்தான், ஆனால் ஐந்து கம்பி, அகலமான நெக். வாங்கிக் கொடுத்தது எட்டாம் வகுப்புப் பையனுக்கு! அந்தச் சின்னக் கை எப்படிச் சுற்றிப் பிடிக்கும்? மூன்று பிள்ளைகளும் தங்களுக்கு இசை வராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கும் இது நடந்தது. 1999-ல் தர்மபுரியில் கலைந்துபோன ஒரு ட்ரூப்பிடம் 2,200 ரூபாய்க்குப் பழைய பேஸ் ஒன்று வாங்கினேன். நெக்கின் நடுவில் கம்பிக்கும் கட்டைக்கும் இடையில் இரண்டு தீக்குச்சியை அடுக்கி நுழைக்கலாம். அவ்வளவு உயரம். அழுத்தி அழுத்தி விரல் நுனி வெடித்து, காலையில் ஊசியில் நூல் கோக்க முடியாது. எட்டு மாதம் அப்படி வாசித்தேன். அப்புறம் ஒரு பண்டிகைக் கச்சேரியில் வேறு குழுவின் மூத்த பேஸ்காரர் அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து எல் வடிவச் சாவி ஒன்றை எடுத்து, நெக்கின் தலைப்பக்கம் உள்ள துளையில் விட்டுக் கால் சுற்றுத் திருப்பினார். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு கால் சுற்று. பிறகு உடல்பக்கம் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் நான்கு சேடிலையும் இறக்கினார். "இப்போ வாசி கண்ணு" என்றார். விரலை வைத்ததும் சத்தம் வந்தது. மேடைக்குப் பின்னால் நின்று அழுதேன். எட்டு மாதமும் குறை என் விரலில் என்றே நினைத்திருந்தேன்.

அந்தச் சாவி திருப்பியது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியை. ட்ரஸ் ராட் என்பார்கள். பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70, 80 கிலோ இழுக்கின்றன. அந்த இழுப்பில் மரம் முன்னால் வளையும். ட்ரஸ் ராட் அதை எதிர்த்துப் பிடித்து வைக்கும். நம்மூர் வெயிலிலும் மழையிலும் மரம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் புதுக் கிட்டாரே ஆனாலும் வாங்கியவுடன் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு தடவை செட்டப் (நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிபார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். ட்ரஸ் ராட் இல்லாததை, அல்லது இருந்தும் திரும்பாததைத் தொடவே தொடாதீர்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பாப்பா அம்மாவோடு வந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். "மாமா, எனக்கு பேஸ்தான் வேணும்." அம்மாவுக்கு மனசில்லை. "நாலு கம்பி இருக்கிறதை எதுக்குங்கண்ணா, ஆறு கம்பியே வாங்கிடலாமே" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சாதாரண கிட்டாரில் இரண்டு கம்பியைக் கழற்றிவிட்டால் பேஸ் ஆகாது. ஈ, ஏ, டி, ஜி என்று அதே பெயர்தான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. பாட்டுக்குத் தாளத்தையும் சுருதியையும் சேர்த்துக் கட்டுவது பேஸ். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் ஹெட்போன் போட்டுக் கேட்டால் புரியும். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் புரியாது. பேஸின் அடிக் கம்பி விநாடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அந்த அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, ரஹ்மான் மேடையில் வாசித்த மோகினி டேயின் வீடியோவையும் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். அப்புறம் எதிர்த்துப் பேசவில்லை.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பாப்பாவின் கையை அளந்தேன். தையல்காரன் புத்தி, அளக்காமல் எதையும் வெட்ட மாட்டேன். என் பேஸை அவள் மடியில் வைத்து முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) விரல் வைக்கச் சொன்னேன். தோள் முன்னால் இழுத்துக்கொண்டு போனது, மணிக்கட்டு மடங்கியது. என்னுடையது 34 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த அளவு அது. இன்றும் பெரும்பாலான பேஸ் அந்த அளவில்தான் வருகிறது. சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் இருபத்தைந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சின்ன உடம்புக்காரர்களுக்கு 30 அங்குலத்தில் ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைக்கிறது. முதல் ஃப்ரெட் இடைவெளி 34-ல் சுமார் 1.9 அங்குலம், 30-ல் சுமார் 1.7. சட்டைத் தோளில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் கஸ்டமர் திருப்பிக் கொண்டு வந்துவிடுவார். விரலுக்கும் அப்படித்தான். ஷார்ட் ஸ்கேல் என்றால் குழந்தை விளையாட்டுச் சாமான் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான்.

அளப்பது சுலபம். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையிலிருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் டேப்பைப் பிடியுங்கள். 17 வந்தால் 34 அங்குலம், 15 வந்தால் 30. பன்னிரண்டாவது ஃப்ரெட் எப்போதும் சரிபாதி.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. பஸ் ஏறி ஓசூர் வழியாக பெங்களூர் போனோம், அவள், அவள் அம்மா, நான். கடையில் ஏழெட்டு பேஸ் எடுத்துப் பார்த்திருப்போம். ஒவ்வொன்றையும் முதலில் துப்பாக்கி குறி பார்ப்பது போல நெக் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ரொம்ப லேசான வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. அப்புறம் ஆம்ப்பில் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) போடாமலே நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசிக்கச் சொன்னேன். நேரம் பிடிக்கும், கடைக்காரர் முகம் மாறும், பரவாயில்லை. இரண்டு மூன்று ஃப்ரெட்டில் மட்டும் ஜிர்ரென்று அடித்தால் அந்த ஃப்ரெட் மேடு பள்ளம். ஓரத்தில் கையை ஓட்டிப் பார்த்தால் ஃப்ரெட் முனை கீறக் கூடாது. 12-வது ஃப்ரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தி வாசித்தாலும் சுதி காட்டும் ட்யூனர் அதையே காட்ட வேண்டும். கொஞ்சம் விலகினால் சேடிலை நகர்த்திச் சரி செய்யலாம், சரியே ஆகவில்லை என்றால் வைத்துவிடுங்கள்.

கடைசியாக பெல்ட் மாட்டி நிற்க வைத்தேன். பலரும் விடுவது இதைத்தான். பேஸ் மூன்றரையிலிருந்து நாலரை கிலோ இருக்கும். கையை விட்டதும் சில பேஸ் தலைப்பக்கமாகச் சரியும். அப்படிச் சரிவதை இடது கையே தாங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கை எப்படி வாசிக்கும்?

பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி), நிறம், பிராண்ட் பற்றி நிறையக் கேட்கிறார்கள். யமஹா, இபானேஸ், கோர்ட், ஸ்கொயர் எதிலும் தொடக்க நிலைப் பேஸ் நன்றாகவே வருகிறது. பேட்டரி போடுகிற ஆக்டிவ் வகை முதல் கிட்டாருக்குத் தேவையில்லை. ஒயரைக் கழற்றாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துபோய், பிள்ளை கிட்டார் கெட்டுவிட்டது என்று நினைக்கும். ஐந்து கம்பியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கு கம்பி வாங்குங்கள்.

பட்ஜெட்டை முழுசாகக் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். ஆம்ப், கேபிள், ட்யூனர், செட்டப் கூலி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸைப் போட்டு சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியலாம். முதல் வருஷத்துக்கு ஹெட்போன் மாட்டும் சின்ன பேஸ் ஆம்ப் போதும், பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார். செல்போன் ட்யூனர் அடிக் கம்பியைப் பிடிக்காவிட்டால் 12-வது ஃப்ரெட்டின் அந்த மணிச் சத்தத்தை வைத்துச் சுதி சேர்க்கலாம். பை, பெல்ட், பிக் எல்லாம் சேர்த்து அடிமாட்டு விலைக்கு ஆன்லைனில் வருகிற செட்டில்தான் அந்த வழுக்குகிற ட்யூனிங் கீயைப் பார்த்தேன்.

பாப்பாவுக்கு ஷார்ட் ஸ்கேல் ஒன்று அமைந்தது. கறுப்பு நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை, கேட்டது சிவப்பு. ஆனால் அதை மடியில் வைத்ததும் தோள் தானாக இறங்கி உட்கார்ந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மேலே போட மாட்டேன் என்று கிருஷ்ணகிரி வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள்.

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது; நாதஸ்வரமும் தவிலும் வயலினும் கற்பவர்கள் நல்ல கருவி எது என்று ஆசிரியரைக் கேட்கலாம். பேஸ் படிக்கிற பிள்ளைக்குக் கேட்க ஆளில்லை. அதனால் உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு வேண்டுகோள். கச்சேரி வாசிக்கிற அண்ணன் தம்பிகள், உங்கள் ஊரில் ஒரு பிள்ளை பேஸ் வாங்கப் போகிறது என்று தெரிந்தால் ஒருநாள் கூடப் போய் வாருங்கள். வீட்டில் கட்டிலுக்கடியில் பழைய பேஸ் கிடப்பவர்கள் அதை விற்காமல், செட்டப் செய்து ஒரு ஆறு மாதம் யாராவது பிள்ளைக்குக் கொடுங்கள்.

என்னிடம் வந்த அந்த மூன்று கிட்டாரையும் நான் விற்கவில்லை. வளைந்த நெக்கை நேராக்கியாயிற்று. வழுக்கினதுக்குப் புது ட்யூனிங் கீ சொல்லியிருக்கிறேன். ஐந்து கம்பிக்குப் பதிலாக அந்தப் பையன் இப்போது என் பழைய நான்கு கம்பியில் வாசிக்கிறான், அதே 1999-ல் வாங்கியது. ராத்திரி எட்டு மணிக்கு மெஷினை நிறுத்தியதும் வருகிறான்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர், பேஸ் கிட்டார் வாசிப்பவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.