கடல் தாண்டியும் ஜெராக்ஸ் மிஷின்

டேரா, துபாய்
ஆகஸ்ட் மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போனில்தான் தினமும் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கடைக்கு ஆள் வந்துவிடுகிறது.

முதலில் ஒரு உண்மை. ஊரில் எல்லோரிடமும் ‘கம்பெனியில் ஆபீஸ் வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா? அதில் பாதி நாள் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில்தான் கழிகிறது. தாலுகா ஆபீஸ் எதிரே நம் ஜெராக்ஸ் கடையில் நிற்க மாட்டேன் என்று சண்டை போட்டுக் கிளம்பியவன் நான். சிரிக்காதீர்கள்.

தங்கியிருக்கும் அறை பர் துபாயில். காலையில் அப்ரா என்கிற படகில் ஏறி, கழியைத் தாண்டி இக்கரையில் டேராவில் இருக்கும் ஆபீஸுக்கு வருகிறேன், 1 திர்ஹாம். இந்த மாதத்தில் வெயிலைவிட ஈரக்காற்றுதான் படுத்துகிறது. ஏசியை விட்டு வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்கிறது.

போன வாரம் எல்லாக் காப்பியிலும் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கருப்புக் கோடு. விசாவுக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் காப்பி அது. கோடு சரியாக ஆளின் மூக்கில் இறங்கியது! மேனேஜர் கத்த ஆரம்பித்துவிட்டார். சர்வீஸுக்கு போன் செய்தால், டிரம் (மையைத் தாளுக்குக் கொண்டுபோகிற உருளை) போயிருக்கும், மாற்றணும் என்று பார்க்காமலே சொல்கிறார்கள்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. அதே தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடி, ஒரு காப்பி எடுத்தேன். கோடு இல்லை. மேலே, தாளைத் தானாக உள்ளே இழுக்கும் ஃபீடரில் விட்டேன். கோடு வந்தது. அப்படியானால் டிரம் மேல் குற்றமில்லை. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு ஒல்லிக் கண்ணாடி இருக்குமே, ஃபீடர் தாள் அதன் மேல்தான் ஓடும், அதில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பசைப் பொட்டு, தூசி படிந்து கருத்திருந்தது. யாரோ ஒட்டுத்தாளைப் பிய்க்காமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். ஃபீடரில் விளக்கு நிற்கிறது, தாள் ஓடுகிறது. அதனால் பொட்டு கோடாகிவிடுகிறது. நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தேன். ஐந்து நிமிட வேலை.

அதற்கடுத்த திங்கட்கிழமை வேறு வம்பு. காப்பியெல்லாம் திட்டுத்திட்டாக, சொறி பிடித்தாற்போல. சனி, ஞாயிறு ஏசியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ட்ரேயில் இருந்த தாள் ஈரத்தைக் குடித்துவிட்டது. நமத்த தாளில் மின்னூட்டம் நிற்காது, மை சரியாக ஒட்டாது. புதுக் கட்டு பிரித்துப் போட்டதும் பளிச்சென்று வந்தது. ஐப்பசி மழையில் தாள் அலமாரிக்குள் நீங்கள் 40 வாட்ஸ் பல்பு எரிய விடுவீர்களே, கரண்ட் பில்லுக்காக நான் அதை அணைத்து வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? இப்போது மீதித் தாளை உறையிலேயே சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை, நானே வைக்கிறேன்.

டிரம்மும் கடைசியில் போகத்தான் செய்தது, அதையும் சொல்லவேண்டும். ஒரே வரிசையில் கரும்புள்ளி, திரும்பத் திரும்ப. ஸ்கேல் வைத்து அளந்தேன், புள்ளிக்குப் புள்ளி 94 மில்லிமீட்டர். உருளை ஒரு சுற்று சுற்றும் நீளம் அது. 3.14ஆல் வகுத்தால் 30 மில்லிமீட்டர் விட்டம், அதாவது இந்த மிஷினின் டிரம். சர்வீஸுக்கு வந்த மலையாளிப் பையனிடம் கணக்கைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் டிரம்மை மாற்றினான். அன்று மதியம் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

இன்னும் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. புது டிரம் போட்ட பிறகும் பக்கத்தின் இடது ஓரம் கொஞ்சம் வெளிறியே வருகிறது. மை டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டேன். லேசர் போகும் வழிக் கண்ணாடியில் தூசியா, வேறெதுவுமா? ஒரு காப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஞாயிறு காலை கூப்பிடுகிறேன், அம்மாவிடம் போனைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்